ஊசி ஒன்றுதான், பலன் ஏன் மாட்டுக்கு மாடு மாறுகிறது? சினைப்பையின் ஹார்மோன் ஏற்பிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பால் மாடு வைத்திருப்பவர்களிடம் கொஞ்ச நேரம் பேசினாலே சினை பிடிக்காத மாட்டைப் பற்றிய பேச்சு வந்துவிடும். ஹார்மோன் ஊசியின் பெயரும் அடிபடும். அந்த ஊசி மருந்து சினைப்பைக்குள் போய் என்ன செய்கிறது என்பதுதான் அதிகம் பேசப்படுவதில்லை. பண்ணையாளர்கள், கால்நடை ஆய்வாளர்கள், கால்நடை மருத்துவ மாணவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். மருந்தளவுகள் யாவும் மருத்துவர் மாட்டைச் சோதித்த பிறகு முடிவு செய்ய வேண்டியவை. இதைப் படித்துவிட்டு நீங்களாக ஊசி போடாதீர்கள்.

ஹார்மோன் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. சினைப்பை மட்டும் ஏன் அதற்குப் பதில் கொடுக்கிறது?

எந்தச் செல்லில் அந்த ஹார்மோனுக்கான ஏற்பி இருக்கிறதோ, அந்தச் செல்தான் பதில் கொடுக்கும். ஏற்பி என்பது ஒரு புரதம். சினைப்பையில் இரண்டு விதமான ஏற்பிகள் முக்கியம். மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் எஃப்எஸ்எச், எல்எச் போன்றவை பெரிய புரத ஹார்மோன்கள். செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போக முடியாதவை. அவற்றின் ஏற்பிகள் வாசலிலேயே நின்று சேதி வாங்கி, உள்ளே வேறு ஆள் மூலம் சொல்லி அனுப்புகின்றன. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகள். அவை நேராக உள்ளே போய்விடும். அவற்றின் ஏற்பிகள் செல்லுக்குள் இருந்து, தாமே டிஎன்ஏமீது உட்கார்ந்து மரபணுக்களை இயக்குகின்றன.

வழி எதுவானாலும் கடைசியில் சில மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன, சில நிற்கின்றன. ஊசி பலித்ததா இல்லையா என்பது அங்கேதான் முடிவாகிறது.

எஃப்எஸ்எச் வந்து ஒட்டியதிலிருந்து மரபணு வேலை தொடங்கும் வரை இடையில் என்ன நடக்கிறது?

முட்டையைச் சுற்றி வளரும் நீர் நிறைந்த குமிழைத்தான் ஃபாலிக்கிள் என்கிறோம். அதன் உட்சுவரில் இருப்பவை கிரானுலோசா செல்கள், வெளிச்சுவரில் இருப்பவை தீக்கா செல்கள். எஃப்எஸ்எச் ஏற்பி கிரானுலோசாவில் மட்டும் இருக்கிறது. செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் புரதம் அது.

எஃப்எஸ்எச் ஒட்டியதும் உள்பக்கம் ஜி-புரதம் தூண்டப்படுகிறது. அது அடினைலில் சைக்ளேஸ் நொதியை முடுக்க, சைக்ளிக் ஏஎம்பி பெருகுகிறது. சைக்ளிக் ஏஎம்பி, புரோட்டீன் கைனேஸ்-ஏ என்ற நொதியை விடுவிக்கிறது. அந்த நொதி உட்கருவுக்குள் போய், கிரெப் என்ற புரதத்தின் 133-ஆவது செரினில் ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய கிரெப், சிபிபி என்ற துணைப் புரதத்தை இழுத்துவருகிறது. சிபிபி, டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களில் அசிட்டைல் குழுக்களை ஒட்ட, இறுகிச் சுற்றியிருக்கும் டிஎன்ஏ தளர்ந்து, படியெடுக்கும் நொதிக்கு இடம் கிடைக்கிறது.

இப்படித் திறக்கும் மரபணுக்களில் முதன்மையானது அரோமட்டேஸ். தீக்கா செல்கள் எல்எச் தூண்டுதலில் ஆண்ட்ரோஸ்டீன்டையோனைத் தயாரித்துக் கொடுக்க, கிரானுலோசா அரோமட்டேஸ் நொதியைக் கொண்டு அதை ஈஸ்ட்ராடையோல் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. இரண்டு செல்லில் ஒன்று சுணங்கினாலும் ஈஸ்ட்ரோஜன் குறையும்.

கிரெப் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரோமட்டேஸ் மரபணுவின் முகப்பில் எஸ்எஃப்-1, எல்ஆர்எச்-1 ஆகிய புரதங்களும் உட்கார வேண்டும். கூடவே, மரபணுக்களை அடக்கிவைக்கும் ஃபாக்ஸோ-1 என்ற புரதம் உட்கருவைவிட்டு வெளியேற வேண்டும். அதை வெளியேற்றுவது, இன்சுலினும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் தூண்டும் ஏகேடி என்ற சேதிப் பாதை. தீவனத்துக்கும் சினைப்பைக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் தொடங்குகிறது. கீழே அதற்கு வருகிறோம்.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி டிஎன்ஏவில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அந்த ஏற்பியில் துத்தநாக அயனியைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு விரல் போன்ற மடிப்புகள் இருக்கின்றன. ஹார்மோன் ஒட்டியதும் ஏற்பிகள் இரண்டிரண்டாகச் சேரும். டிஎன்ஏவில் ஆறு எழுத்துக் குறி ஒன்று, மூன்று எழுத்து இடைவெளி விட்டு, எதிர்த்திசையில் திரும்பவும் வரும் இடங்கள் உண்டு. அங்கேதான் அந்த மடிப்புகள் பொருந்தும். ஏற்பி உட்கார்ந்ததும் எஸ்ஆர்சி வகைத் துணைப் புரதங்கள் வந்தால் மரபணு திறக்கும். என்கோர் வகை வந்தால் மூடும். இதனால்தான் ஒரே ஹார்மோன் ஒரு திசுவில் தூண்டுகிறது, இன்னொன்றில் அடக்குகிறது.

சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இரண்டு வகை. ஆல்ஃபா வகை பெரும்பாலும் தீக்காவில், பீட்டா வகை கிரானுலோசாவில். பீட்டா இருப்பதே 1996-இல்தான் தெரியவந்தது. எலியின் புரோஸ்டேட்டில் அதை முதலில் கண்டவர்கள் சுவீடனைச் சேர்ந்த குஸ்டாஃப்சன் குழுவினர்.

21 நாள் சுழற்சியில் எந்த ஏற்பி எப்போது முளைக்கிறது?

பசுவின் ஒரு சுழற்சியில் ஃபாலிக்கிள்கள் இரண்டு அல்லது மூன்று அலையாக வளரும். ஒவ்வொரு அலையிலும் 4 மி.மீ. அளவில் பல ஃபாலிக்கிள்கள் கிளம்பும். எல்லாமே எஃப்எஸ்எச் ஏற்பியை நம்பி வளர்பவை. பெரிதாகும் ஒன்று அதிக ஈஸ்ட்ரோஜனையும் இன்ஹிபின் என்ற ஹார்மோனையும் சுரந்து, பிட்யூட்டரியிலிருந்து வரும் எஃப்எஸ்எச்சைக் குறைத்துவிடுகிறது. மற்றவை பட்டினி கிடந்து சாகும். குறைத்ததும் அதுதான், தப்பிப்பதும் அதுதான். எப்படி?

சுமார் 8–9 மி.மீ. அளவில் அதன் கிரானுலோசா செல்களில் எல்எச் ஏற்பி முளைக்கிறது. எஃப்எஸ்எச் ஏற்பி வழியாக வந்த சைக்ளிக் ஏஎம்பியே எல்எச் ஏற்பியின் மரபணுவைத் திறந்துவிட்டிருக்கிறது. இனி எல்எச்சை வைத்தே அது பிழைக்கும். சுமார் 10 மி.மீ. ஆனதும் எல்எச் திடீரென மிகுந்து வரும்போது (எல்எச் பெருக்கு) வெடித்து முட்டையை வெளியிடும் தகுதியும் கிடைத்துவிடுகிறது. அதற்குமுன் எவ்வளவு ஊசி போட்டாலும் வெடிக்காது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வையுங்கள்.

எல்எச் பெருக்கு வந்த பிறகு முட்டை வெளியாக ஏன் ஒரு நாளுக்கு மேல் ஆகிறது?

நடுவே புதிய மரபணுக்கள் வரிசையாகத் திறந்து, புரதமாகி, ஃபாலிக்கிளின் சுவரை அரிக்க வேண்டும். எல்எச் ஏற்பி தூண்டப்பட்டதும் கிரானுலோசா ஆம்ஃபிரெகுலின், எபிரெகுலின் ஆகியவற்றைச் சுரக்கிறது. அவை பக்கத்துச் செல்களின் இஜிஎஃப் ஏற்பிகளைத் தட்டுகின்றன. சில மணி நேரத்துக்குள், அதுவரை இல்லாத புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி கிரானுலோசாவில் தலைகாட்டுகிறது. இந்த ஏற்பியின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளில் ஃபாலிக்கிள் முழுதாக வளர்ந்தும் முட்டை வெளியே வரவில்லை. சுவரை அரிக்கும் ஆடம்டிஎஸ்-1 போன்ற நொதிகளின் மரபணுக்கள் இதன் பிடியில் இருக்கின்றன.

அடுத்து காக்ஸ்-2 மரபணு. புரோஸ்டாகிளாண்டின் தயாரிக்கும் நொதி இதிலிருந்து வருகிறது. எலியில் இது தூண்டுதலுக்குப் பின் சுமார் 4 மணி நேரத்தில் ஏறும். பசுவில் சுமார் 18 மணி நேரத்தில் ஏறும். ஏறியதிலிருந்து முட்டை வெளியாக இரண்டிலும் கிட்டத்தட்ட 10 மணி நேரம். எந்த விலங்கில் எப்போது முட்டை வெளியாகும் என்பதை இந்த மரபணு ஏறும் நேரமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

அப்படியானால் சினை ஊசி, அதாவது செயற்கைக் கருவூட்டல், எப்போது போடுவது சரி?

பருவ அறிகுறி தொடங்கி 24 முதல் 32 மணி நேரத்தில் முட்டை வெளியாகும். வெளியான முட்டைக்கு ஆயுள் 6–12 மணி நேரம்தான். விந்தணு கருவுறச் செய்யும் தகுதி பெறவும் சில மணி நேரம் வேண்டும். காலையில் அடங்கி நின்றால் மாலை, மாலையில் நின்றால் மறுநாள் காலை என்ற விதி இந்தக் கணக்கில் வந்தது.

தவறு பெரும்பாலும் தொடக்கத்தைக் குறிப்பதில் நடக்கிறது. கத்துவதையும் வழும்பு வடிவதையும் மட்டும் பார்த்து நேரம் எண்ணினால் பிசகும். இன்னொரு மாடு மேலே ஏறும்போது விலகாமல் அசையாமல் நிற்கிறதா என்பதுதான் அடையாளம். ஒற்றை மாடு கட்டியிருக்கும் வீடுகளில் இதைப் பார்க்க வழியில்லை. வழும்பு கண்ணாடிபோல் தெளிந்து, அறுபடாமல் கயிறாகத் தொங்கும் நேரத்தைக் குறித்துவைத்து ஆய்வாளரிடம் சொல்லுங்கள். பருவம் முடிந்து ஓரிரு நாளில் ரத்தம் கலந்த வழும்பு வந்தால் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கிவிட்டது என்று பொருள். அப்போது சினை ஊசி போடுவது வீண். அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு சுமார் 18–19 நாள் கழித்துக் கவனியுங்கள்.

பருவம் பார்க்காமலே நாள் குறித்து ஊசி போடும் முறை இருக்கிறதாமே?

ஓவ்சிங்க் என்பார்கள். முதல் நாள், பிட்யூட்டரியிலிருந்து எல்எச்சைக் கொட்டவைக்கும் ஜிஎன்ஆர்எச்: பியூசெரலின் 10 மைக்ரோகிராம், அதாவது மி.லி.க்கு 4 மைக்ரோகிராம் உள்ள மருந்தில் 2.5 மி.லி. 7 நாள் கழித்து பிஜிஎஃப் என்ற புரோஸ்டாகிளாண்டின்: குளோப்ரோஸ்டெனால் 500 மைக்ரோகிராம். அதிலிருந்து 56 மணி நேரத்தில் இரண்டாவது ஜிஎன்ஆர்எச். அதற்கு 16 மணி நேரம் கழித்துக் கருவூட்டல். எல்லாமே தசை ஊசிகள். பிஜிஎஃப் காலை 8 மணிக்குப் போட்டால், அந்த நாளிலிருந்து எண்ணி, இரண்டாவது ஜிஎன்ஆர்எச் மூன்றாம் நாள் மாலை 4 மணி, கருவூட்டல் நான்காம் நாள் காலை 8 மணி. அந்த 4 மணி ஊசியைப் பால் கறவை, சொசைட்டி வேலை என்று இரவுக்குத் தள்ளினால் கருவூட்டலையும் தள்ள வேண்டும்.

சரியாகச் செய்தாலும் 30–40 சதவீதம் சினை பிடித்தால் அது வழக்கமான பலன். கோட்டைவிடும் இடம் பெரும்பாலும் முதல் ஊசிதான். சுழற்சியின் முதல் நான்கு நாட்களில் போட்டால் ஃபாலிக்கிள் சிறியது. கிரானுலோசாவில் எல்எச் ஏற்பி இன்னும் வரவில்லை. பிட்யூட்டரி எல்எச்சைக் கொட்டினாலும் சினைப்பையில் கேட்க ஆளில்லை. 5 முதல் 12-ஆம் நாளுக்குள் தொடங்கினால் பதில் நன்றாக இருக்கும். சுழற்சியே இல்லாமல் கிடக்கும் மாட்டுக்கு ஓவ்சிங்கைவிட, பிறப்புறுப்பில் 7 நாள் வைத்து எடுக்கும் புரோஜெஸ்ட்ரோன் கருவி சேர்ந்த முறை பொருத்தம்.

பிஜிஎஃப் ஊசி மட்டும் போட்டேன். மாடு பருவத்துக்கே வரவில்லை. மருந்து போலியா?

அநேகமாக இல்லை. பிஜிஎஃப் அழிப்பது கார்பஸ் லூட்டியத்தை, சுருக்கமாக சிஎல். முட்டை வெளியான இடத்தில் உருவாகி, புரோஜெஸ்ட்ரோன் சுரந்து அடுத்த பருவத்தைத் தடுத்துவைக்கும் திசு அது. சிஎல் இல்லாத மாட்டுக்கு பிஜிஎஃப் போட்டால் அழிக்க ஒன்றும் இல்லை.

சிஎல் இருந்தும் 5 நாளுக்குள் இருந்தால் ஒற்றை ஊசிக்கு மசியாது. இங்கே ஒரு சுவாரசியம். இளம் சிஎல்லில் பிஜிஎஃப் ஏற்பி இல்லாமல் இல்லை. இரண்டாம் நாளிலேயே தாராளமாக இருக்கிறது. ஏற்பி தட்டப்பட்ட பிறகு திறக்க வேண்டிய மரபணுக்கள், முக்கியமாக சிஎல்லுக்குள்ளேயே மேலும் பிஜிஎஃப் தயாரிக்கும் காக்ஸ்-2, இன்னும் திறக்கும் நிலைக்கு வரவில்லை. ஆக, ஏற்பி இருந்தால் வேலை நடந்துவிடும் என்று சொல்லிவிட முடியாது. ஓவ்சிங்கில் உருவாகும் சிஎல் இளசு என்பதால்தான் சில மருத்துவர்கள் முதல் ஊசியிலிருந்து 7 நாள் கழித்து ஒன்றும், 8 நாள் கழித்து ஒன்றுமாக இரண்டு பிஜிஎஃப் போடுகிறார்கள்.

மூன்றாவது காரணம்தான் விபரீதமானது: மாடு சினையாக இருக்கலாம். காரிமங்கலம் சந்தையில் வாங்கிவந்த மாட்டின் கருவூட்டல் தேதி உங்களுக்குத் தெரியாது. சோதிக்காமல் பிஜிஎஃப் போட்டால் கரு கலையும்.

கன்று போட்டு நான்கு மாதம் ஆகிறது. பால் நன்றாகக் கறக்கிறது, பருவமே வரவில்லை. ஏன்?

கறக்கிற பாலுக்குத் தின்கிற தீவனம் ஈடாகவில்லை. கன்று ஈன்ற சமயத்தில் ஈரலில் வளர்ச்சி ஹார்மோன் ஏற்பியின் உற்பத்தி குறைகிறது. அதனால் ஐஜிஎஃப்-1 குறைகிறது, இன்சுலினும் தாழ்ந்திருக்கிறது. மேலே சொன்ன ஏகேடி பாதை ஓய்ந்து, எஃப்எஸ்எச் தட்டினாலும் அரோமட்டேஸ் அரைகுறையாகத்தான் திறக்கிறது. போதாததற்கு, ஃபாலிக்கிள் முதிர மணிக்கு ஒரு துடிப்பு என்ற வேகத்தில் எல்எச் வேண்டும். மெலியும் மாட்டில் பல மணி நேரத்துக்கு ஒன்றுதான் வரும். ஃபாலிக்கிள் வளர்ந்து, வெடிக்காமல் சுருங்கும். இது மாறி மாறி நடந்துகொண்டிருக்கும்.

ராகித் தாளும் சோளத்தட்டும் வயிற்றை நிரப்பும், இந்தக் குறையை நிரப்பாது. உடல் பராமரிப்புக்கு 1.5 கிலோ அடர்தீவனம், அதற்குமேல் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. கோ-4 போன்ற பசுந்தீவனம் 20 கிலோ அளவில். தாது உப்புக் கலவை தினம் 50 கிராம். ஈன்ற பிறகு மெலிந்த மாட்டைத் தேற்றுவதைவிட, ஈனும்போதே, மெலிவையும் கொழுப்பையும் காட்டும் உடல் மதிப்பெண்ணில் 5-க்கு 3 முதல் 3.5 என்ற அளவில் வைத்திருப்பது லாபம். எலும்பு தெரியும் மாட்டுக்கு ஹார்மோன் ஊசி போடுவதைக் காசைக் கரியாக்குவதாகவே நாங்கள் கருதுகிறோம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பருவம் வந்தும் நீங்கள் பார்க்காமல் போயிருக்கலாம். மருத்துவர் சோதிக்கும்போது சிஎல் தட்டுப்பட்டால் அது ஊமைப் பருவம். கோளாறு சினைப்பையில் இல்லை.

நீர்க்கட்டி என்கிறார்கள். அதைக் கையால் உடைத்துவிடலாமா?

கூடாது. ரத்தக்கசிவும் ஒட்டுதலும் ஏற்பட்டு மாடு நிரந்தரமாக மலடாகலாம். 20–25 மி.மீ.க்கு மேல் வளர்ந்து, சிஎல் எதுவும் இல்லாமல், வெடிக்காமல் நிற்கும் ஃபாலிக்கிள்தான் நீர்க்கட்டி. ஈஸ்ட்ரோஜன் ஏறியும் மூளையின் ஹைபோதலாமஸ் எல்எச் பெருக்கை அவிழ்த்துவிடுவதில்லை. பியூசெரலின் 20 மைக்ரோகிராம் போட்டுக் கட்டியின் சுவரைப் புரோஜெஸ்ட்ரோன் சுரக்கும் திசுவாக மாற்றி, 7–10 நாளில் பிஜிஎஃப் கொடுப்பது ஒரு வழி. புரோஜெஸ்ட்ரோன் கருவி வைத்து ஹைபோதலாமஸின் உணர்வை மீட்பது இன்னொரு வழி.

பால் இறங்க ஆக்ஸிடோசின் போடுகிறோம். அதற்கும் சினைக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. சுழற்சியின் முதல் வாரத்தில் தினமும் ஆக்ஸிடோசின் போட்டால் சிஎல் முழுதாக வளராமல், சுழற்சி 8–12 நாளாகக் குறுகுவது பல காலம் முன்பே பசுக்களில் நிரூபிக்கப்பட்டது. வழக்கமாக 16–17-ஆம் நாளில்தான் கருப்பையில் ஆக்ஸிடோசின் ஏற்பி பெருகி, பிஜிஎஃப் சுரந்து சிஎல் அழியும். கரு இருந்தால் அது சுரக்கும் இன்டர்ஃபெரான்-டௌ அந்த ஏற்பியின் மரபணுவைத் திறக்கவிடாது. அப்படித்தான் சினை நிற்கிறது. பால் இறக்க ஆக்ஸிடோசின் பயன்படுத்துவது சட்டப்படியும் குற்றம்.

ஆலம்பாடி போன்ற நாட்டு மாடுகளுக்கும் இதே அளவுகளா?

வழி ஒன்றுதான், அளவு வேறு. பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி உழவுக்குப் பேர்போன திமிலுள்ள இனம். திமிலுள்ள மாடுகளில் ஃபாலிக்கிள் சிறியதாக இருக்கும்போதே எல்எச் ஏற்பி முளைக்கிறது. பிரேசிலின் நெல்லூர் வழி மாடுகளில் ஒரு ஃபாலிக்கிள் மற்றவற்றை முந்துவது 6 மி.மீ. அளவிலேயே நடக்கிறது. பருவ நேரமும் குறுகியது, பெரும்பாலும் இரவில். ஸ்கேனில் 8 மி.மீ. ஃபாலிக்கிளைப் பார்த்து, எச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) மாட்டின் கணக்கில் சிறியது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

செம்மறியில் இரட்டைக் குட்டியும் ஏற்பி விஷயமா?

ஒரு வகை ஆட்டில் ஆமாம். பிஎம்பி ஏற்பி 1-பி என்ற புரதத்தில் 249-ஆவது அமினோ அமிலம் குளூட்டமினிலிருந்து அர்ஜினினாக மாறியிருந்தால், ஃபாலிக்கிள்கள் சிறு அளவிலேயே முதிர்ந்து ஒன்றுக்கு மேல் வெடிக்கின்றன. ஒரு பிரதி இருந்தால் சுமார் 1.5 முட்டை கூடும், இரண்டு பிரதி இருந்தால் சுமார் 3. ஆஸ்திரேலியாவின் பூரூலா மெரினோவில் தெரியவந்த இந்த மாற்றம் வங்காளத்தின் கரோல் ஆட்டிலும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பல்டனில் தக்காணி ஆட்டுக்குள் இதைப் புகுத்தியிருக்கிறார்கள். நம் பக்கத்து மேச்சேரி பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். மேய்ச்சல் வறண்ட ஊரில் அது ஒரு குறையல்ல.

கல்லூரி ஆய்வுக்குக் கிரானுலோசா செல்களை வளர்த்தால் அரோமட்டேஸ் காணாமல் போகிறது. எங்கே தவறு?

பெரும்பாலும் சீரம்தான் காரணம். கன்றுச் சீரம் ஊற்றி வளர்த்தால் செல்கள் தட்டையாகப் பரவி, சிஎல் செல்லாக மாறிவிடும். அரோமட்டேஸ் அணைந்து புரோஜெஸ்ட்ரோன் ஏறும். சீரம் இல்லாத ஊடகத்தில் எஃப்எஸ்எச் மி.லி.க்கு 1 நானோகிராம், இன்சுலின் 10 நானோகிராம், அரோமட்டேஸுக்கு மூலப்பொருளாக ஆண்ட்ரோஸ்டீன்டையோன் வைத்து, 6 நாள் வளருங்கள். செல்கள் உருண்டு கொத்துக் கொத்தாக நிற்பது நல்ல அறிகுறி.

இறைச்சிக்கூடச் சினைப்பைகளை ஆன்டிபயாடிக் கலந்த உப்புக் கரைசலில், தெர்மாஸில் 30–35 டிகிரியில் எடுத்துவாருங்கள், ஐஸில் வைக்காதீர்கள். ஆர்என்ஏ பிரித்ததும் டிஎன்ஏஸ் இட மறக்க வேண்டாம். சிஒய்பி17 மரபணுவையும் சேர்த்து அளந்துபாருங்கள். அது தீக்காவுக்கு உரியது. கிரானுலோசா மாதிரியில் அது ஏறியிருந்தால் சுரண்டும்போது வெளிச்சுவரும் கலந்துவிட்டது.

பெண்களின் சினைப்பையிலும் இதே ஏற்பிகள்தானா?

அதே குடும்பம்தான். 1995-இல் ஃபின்லாந்தில், எஃப்எஸ்எச் ஏற்பியின் 189-ஆவது அமினோ அமிலம் மட்டும் மாறிய பெண்களுக்கு ஃபாலிக்கிள் முதிராமல் போவது கண்டறியப்பட்டது. ஆனால் மாட்டு மருந்தளவையும் நாள் கணக்கையும் மனிதருக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. அதற்கு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் இந்த மருந்துகளைக் கையாளும்போது என்ன கவனம் தேவை?

பிஜிஎஃப் மருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் ஏறும். மாட்டில் இருக்கும் அதே ஏற்பி மனிதரின் கருப்பையிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கிறது. கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் குப்பியைத் தொடவே கூடாது. மாட்டைப் பிடித்துக்கொள்ளவும் அவர்களை நிறுத்தாதீர்கள். மற்றவர்கள் கையுறை போடுங்கள். மேலே தெறித்தால் உடனே சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். ஜிஎன்ஆர்எச் குப்பியை வெயிலிலும் வண்டிப் பெட்டியிலும் வைக்காமல், லேபிளில் போட்டிருக்கும் வெப்பநிலையில் வையுங்கள். காலிக் குப்பியையும் ஊசியையும் ஆய்வாளரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்; எருக்குழியில் போட வேண்டாம்.